வாழ்த்தோடு பில்லையும் சேர்த்து அனுப்பாதீர்கள்!

வாடிக்கையாளருக்குப் பண்டிகை வாழ்த்து: கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

ஆடிப்பெருக்கு வந்தால் போதும். சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிடும். ஏஜெண்டுகள் ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவார்கள்.

"முருகன் எத்தனை? லட்சுமி எத்தனை? இயற்கைக் காட்சி எத்தனை?" என்று ஆர்டர் எடுப்பார்கள். கடைக்காரர்களுக்கு வாழ்த்து சீசன் அன்றைக்கே ஆரம்பம்.

அதற்குப் பிறகு வரிசையாக வரும். ஆயுத பூஜைக்குப் பொரி. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ். கிறிஸ்துமசுக்கு கேக். புது வருஷத்துக்கு டைரி, காலண்டர். பொங்கலுக்கு வாழ்த்து. ரம்ஜானும் பக்ரீத்தும் வருஷா வருஷம் தேதி மாறி வரும்.

செலவு செய்வது கடைக்காரர். நல்ல பெயர் எடுக்க வேண்டியதும் அவர்தான். ஆனால் பல நேரங்களில் செலவும் ஆகி, கெட்ட பெயரும் வந்து சேருகிறது.

ஏன் இப்படி?

கை நின்ற இடம்

ஒரு காலத்தில் வாழ்த்து என்றால் கார்டுதான். சென்னையில் பாரிமுனை பக்கம் ஆண்டர்சன் தெருவுக்குப் போய், கார்டு பொறுக்கி, அடியில் கடைப் பெயரை அச்சடித்து வாங்கி வருவார்கள்.

கணக்குப்பிள்ளை சாயங்காலம் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு கவராக விலாசம் எழுதுவார். கவரை ஒட்டாமல் விட்டால் தபால்தலைச் செலவு குறைவு. அவசரம் என்றால் தந்தி. தந்தி ஆபீசில் வாழ்த்து வாசகங்களுக்கு நம்பரே போட்டு வைத்திருந்தார்கள். நம்பரைச் சொன்னால் வாழ்த்து போய்ச் சேரும். அந்தத் தந்தியும் 2013 ஜூலையோடு முடிந்துவிட்டது.

கையால் விலாசம் எழுதுவதில் ஒரு நன்மை இருந்தது. ஒரு பெயரை எழுதப் போகும்போது கை நிற்கும்.

"இவர் போன மாசம் தவறிப் போயிட்டாரே!"

"இவர் பையனோடு பெங்களூர் போயிட்டாரே!"

"இவரோடு நமக்குச் சின்ன மனஸ்தாபம் இருக்கே, நேரில் போய்ப் பேசலாமா?"

இப்படி ஒவ்வொரு பெயரிலும் ஒரு நிமிஷம் யோசனை ஓடும். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் மரியாதை என்று பெயர்.

இன்றைக்கு செல்போனில் ஒரே அமுக்கு. நூறு பேருக்கு, இருநூறு பேருக்கு ஒரே நொடியில் போய்விடுகிறது. கை எங்கேயும் நிற்பதில்லை. கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

செத்தவருக்கு 'இனிய' வாழ்த்து

வீட்டுக்காரர் இறந்து ஆறு மாசம்தான் ஆகிறது. அந்த வருஷம் அந்த வீட்டில் பண்டிகை கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். புதுத்துணி கிடையாது. தெருவெல்லாம் வெடிச்சத்தம் கேட்கும்போது அந்த வீடு மட்டும் அமைதியாக இருக்கும்.

அந்த நேரத்தில் இறந்தவர் பெயருக்கே வருகிறது, ஒரு கடையிலிருந்து: "தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் இனிய தீபாவளி நல்வாழ்த்துக்கள்!"

அனுப்பிய கடைக்காரர் கெட்டவரா? இல்லை. பெயர்ப் பட்டியலைத் திருத்தாதவர், அவ்வளவுதான். ஆனால் அந்த அம்மாவுக்கு அது தெரியுமா? "இருபது வருஷம் அந்தக் கடையிலேதானே வாங்கினார். போனதுகூடத் தெரியலையா?" என்றுதான் கேட்பார். அதற்குப் பிறகு அந்தக் கடைப்படி ஏறுவாரா என்பது சந்தேகம்.

தெரிந்தால் என்ன செய்ய வேண்டும்? கார்டும் வேண்டாம், ஸ்வீட்டும் வேண்டாம். பண்டிகைக்கு முன்னால் ஒரு நாள் நேரில் போய்த் தலைகாட்டிவிட்டு வந்தால் போதும். முடியாவிட்டால் ஒரு போன். "எப்படிம்மா இருக்கீங்க? ஏதாவது வேணும்னா சொல்லுங்க, பையன்கிட்டே கொடுத்து அனுப்பறேன்" என்றால் அதைவிடப் பெரிய வாழ்த்து இல்லை.

தலைதீபாவளி வீட்டில் பாக்கிச் சீட்டு

இரண்டாவது தப்பு இதைவிட மோசம். தெரிந்தே செய்வது.

"இனிய தீபாவளி நல்வாழ்த்துக்கள். தங்கள் கணக்கில் உள்ள பாக்கியை உடனே செலுத்தி ஒத்துழைக்கவும்."

ஒரே கடிதத்தில் இரண்டும்! தபால் செலவு மிச்சம் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

அந்த வீட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறார். சம்பந்தி வீட்டார் வந்திருக்கிறார்கள். கூடத்து மேஜையில் வாழ்த்துக் கார்டுகள் கிடக்கின்றன. மாப்பிள்ளை ஒன்றை எடுத்துப் படிக்கிறார். மாமனாரின் மளிகைக்கடை பாக்கி அவருக்குத் தெரிந்துபோகிறது!

கார்டு இல்லாவிட்டால் செல்போன். பண்டிகை அன்றைக்குக் குடும்பத்தின் செல்போன் குழந்தைகள் கையில்தான் இருக்கும். "அப்பா, கடைக்காரர் மெசேஜ்" என்று பத்துப் பேர் நடுவில் சத்தமாகப் படிக்கும்.

பாக்கி கேட்பது தப்பே இல்லை. கடைக்காரரும் மொத்த வியாபாரிக்குப் பணம் கட்ட வேண்டும். தீபாவளிக்குள் கணக்கை நேர் செய்வது பல வியாபாரிகளிடம் வழக்கம். ஆனால் கேட்க வேறு நாள் இருக்கிறது. சம்பளம் வந்த வாரம் கேளுங்கள். போனஸ் வந்ததும் கேளுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் கேட்டு முடித்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு வாழ்த்து அனுப்பினால் வாழ்த்து மட்டும் அனுப்புங்கள். பாக்கி வைத்திருப்பவருக்கும் அனுப்புங்கள். "நம்மை விட்டுவிடவில்லை" என்ற எண்ணத்தில் சிலர் தாமாகவே வந்து கட்டுவார்கள்.

வாழ்த்தா, விளம்பரமா?

"பொங்கல் வாழ்த்துக்கள்! மிக்சிக்கு 20 சதவீதம் தள்ளுபடி!" இது வாழ்த்து இல்லை. விளம்பரம். விளம்பரம் செய்யட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இன்னொரு நாள், இன்னொரு தாளில் செய்யட்டும். வாழ்த்து என்றால் கொடுப்பது. அதே கையால் எதையாவது கேட்டால், கொடுத்தது செல்லாது.

இன்னொரு வகை உண்டு. கார்டில் முக்கால் பங்கு முதலாளியின் போட்டோ. கீழே அவர் வகிக்கும் சங்கப் பதவிகள். மூலையில் பொடி எழுத்தில் வாழ்த்து. தீபாவளி நாயகனான நரகாசுரனுக்கே அவ்வளவு பெரிய படம் யாரும் போடுவதில்லை!

வாழ்த்துக் கார்டில் பெரிதாக இருக்க வேண்டியது பெறுகிறவரின் பெயர். இனிஷியல் சரியாக இருக்க வேண்டும். "எஸ்" என்பதை "என்" என்று எழுதினால், அது பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த கார்டு ஆகிவிடும். இந்துவுக்குத் 'திரு', முஸ்லிம் அன்பருக்கு 'ஜனாப்' என்று எழுதுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் எல்லோருக்கும் 'திரு' போதும்.

பண்டிகை தெரிந்து வாழ்த்து

சென்னையில் ஒரே தெருவில் நாலு பண்டிகைக்காரர்கள் இருப்பார்கள். அவரவர் வழக்கம் தெரியாமல் வாழ்த்தினால் அசடு வழிய வேண்டியதுதான்.

தமிழ்நாட்டில் தீபாவளி என்றால் விடியற்காலைக் கங்கா ஸ்நானம். சௌகார்பேட்டை சேட்டுகளுக்கு அமாவாசை சாயங்காலம் லட்சுமி பூஜைதான் முக்கியம். குஜராத்தி வியாபாரிகளுக்கு அதற்கு அடுத்து வருவது புது வருஷம். மொத்த வியாபாரி குஜராத்தியாக இருந்தால், தீபாவளி வாழ்த்தோடு புத்தாண்டு வாழ்த்தும் சொல்லிப் பாருங்கள். "நம்ம வழக்கம் இவருக்குத் தெரியுதே" என்று முகம் மலரும்.

ரம்ஜான் பிறை பார்த்துத்தான். காலண்டரில் சிவப்பு மையில் போட்டிருக்கிறது என்று முதல் நாளே வாழ்த்து அனுப்பிவிடக் கூடாது. தலைமை காஜி அறிவித்த பிறகு அனுப்புவதுதான் முறை. பக்ரீத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. மாதம் பிறந்து பத்தாம் நாள் என்பதால் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

லீவு நாள் எல்லாம் பண்டிகை இல்லை என்பதையும் ஞாபகத்தில் வைக்க வேண்டும். புனித வெள்ளி, ஏசுநாதர் சிலுவையில் அறையப்பட்ட நாள். "ஹேப்பி" போட்டு அனுப்பும் நாள் இல்லை. ஈஸ்டருக்கு வாழ்த்தலாம். மொகரம் பத்தாம் நாள் ஷியா பிரிவினருக்குத் துக்க நாள். அன்றைக்கும் "இனிய" கிடையாது.

தமிழ்ப் புத்தாண்டு விஷயமும் உண்டு. தை முதல் நாள்தான் புத்தாண்டு என்று 2008ல் சட்டம் வந்தது. 2011ல் அது ரத்தாகி, மறுபடி சித்திரைக்கே போனது. இன்றைக்கும் தை முதல் நாளையே புத்தாண்டாகக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரருக்கு எதற்கு வம்பு? தை மாசம் "பொங்கல் வாழ்த்து" என்றால் எல்லோருக்கும் சம்மதம். சித்திரைக்கு வாடிக்கையாளரின் மனசு அறிந்து அனுப்பினால் போதும்.

"என்ன அண்ணாச்சி, எங்களுக்குக் கிடையாதா?"

கடைகளில் வருஷக் கடைசியில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்.

கல்லாவுக்கு அடியில் காலண்டர் கட்டு சுருட்டிச் சுருட்டி வைத்திருக்கிறது. கேட்டவரிடம், "தீர்ந்து போச்சும்மா" என்று சொல்கிறார்கள். அடுத்த நிமிஷம் காரில் வந்தவருக்கு அதே கட்டிலிருந்து ஒன்று உருவிக் கொடுக்கிறார்கள். முதலில் கேட்டவர் இன்னும் படி இறங்கவில்லை!

கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் 50 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறவர் வருஷத்துக்கு 18,250 ரூபாய்க்கு வாங்குகிறார். ரொக்கம்! கடன் சொல்லாத வாடிக்கை! மாசத்துக்கு ஒரு தடவை காரில் வருகிறவருக்கு ஏற்கெனவே நாலு கடையில் காலண்டர் கிடைத்திருக்கும். தினக்கூலி வாங்கும் வீட்டில் நீங்கள் கொடுக்கும் தினசரிக் காலண்டர்தான் சுவரில் மாட்டும் ஒரே காலண்டர். தினம் காலையில் தாள் கிழிக்கும்போது உங்கள் கடைப் பெயர்தான் கண்ணில் படும்.

எல்லோருக்கும் கொடுக்கக் கட்டுப்படி ஆகாது என்றால், பெரிது பாதி, சின்னது பாதி அடித்துக்கொள்ளலாம். யாரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. உண்மையிலேயே தீர்ந்துபோனால் அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லிவிட வேண்டும்.

படம் பார்த்துக் கொடுப்பதும் முக்கியம். முஸ்லிம் வீட்டுக்கு லட்சுமி படத்தைச் சுருட்டிக் கொடுத்தால் பாவம், அவர் வாங்கிக்கொள்வார். மாட்ட மாட்டார். பத்துக்கு இரண்டு இயற்கைக் காட்சி ஆர்டர் கொடுத்தால் தீர்ந்தது பிரச்சினை.

ஸ்வீட் பாக்ஸ் சங்கதி

பால் ஸ்வீட் நாலு நாள் தாங்காது. ஆபீஸ் மூடும் சமயம் அனுப்பினால், லீவு முடிந்து திறக்கும்போது வாசனை வேறு மாதிரி இருக்கும். சில்லறையாக விற்கும் ஸ்வீட்டுக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் முதல் விதி. அந்தத் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

ஜைனர் வீட்டுக்குப் பூண்டு போட்ட மிக்சர் ஆகாது. சைவ வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் கேக் என்றால் முட்டை இல்லாததாகப் பார்க்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர் என்று தெரிந்தால் முந்திரி, பாதாம் நல்லது.

பட்டாசுப் பெட்டி கொடுப்பதானால் கையில்தான் கொடுக்க வேண்டும். தபாலிலோ ரயிலிலோ அனுப்பினால் குற்றம்.

வரி கட்டும் கடைக்காரர்களுக்கு ஒரு தகவல்: பரிசாகக் கொடுக்க வாங்கிய பொருளுக்கு நீங்கள் கட்டிய ஜி.எஸ்.டி.யை, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. முழுச் செலவும் உங்களுடையது. இது தெரிந்து பட்ஜெட் போடுங்கள்.

சர்க்கார் ஆபீசுக்கு வேண்டாம்!

லைசென்ஸ் புதுப்பிக்க மனு கொடுத்திருக்கிறீர்கள். மனு மேஜையில் இருக்கிறது. அந்தச் சமயம் பார்த்து அதிகாரி வீட்டுக்கு வெள்ளி டம்ளரோடு ஸ்வீட் பாக்ஸ் போகிறது. இதற்கு வாழ்த்து என்று பெயர் சொல்ல முடியுமா?

லஞ்ச ஒழிப்புச் சட்டம் 2018ல் திருத்தப்பட்டது. லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்று தெளிவாகச் சேர்த்துவிட்டார்கள். அரசு வங்கி அதிகாரிகளும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். வாங்குகிற குமாஸ்தாவுக்கும் தலைவலி, கொடுக்கிற கடைக்காரருக்கும் தலைவலி. காரியம் நடக்க வேண்டிய இடத்துக்கு வெறும் கார்டு போதும். அதுவும் இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

செல்போன் வாழ்த்து

செல்போனில் வாழ்த்தவே கூடாதா? தாராளமாக வாழ்த்தலாம். ஆனால் சில விஷயங்கள் தெரிய வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் எல்லோரையும் ஒரே குரூப்பில் சேர்த்து வாழ்த்துச் சொல்கிறார்கள் சில கடைக்காரர்கள். அதனால் ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரிந்துவிடுகிறது. பெண்களின் நம்பர் முன்பின் தெரியாதவர் கைக்குப் போகிறது. பண்டிகை முடிந்த மறுநாளே வேண்டாத மெசேஜ் வர ஆரம்பிக்கும். கடைக்காரர் நினைத்தது நல்லது, நடந்தது வேறு!

'பிராட்காஸ்ட்' முறையில் அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் நம்பரைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். அதுவும் நல்லதுதான். பதிந்து வைக்காதவர் உங்கள் வாழ்த்தை எதிர்பார்க்கவில்லை என்று அர்த்தம்.

மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்பும் கம்பெனிகள், தொலைத்தொடர்பு ஆணையமான 'டிராய்' 2018ல் கொண்டுவந்த விதிப்படி, பெயரையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். வியாபார மெசேஜே வேண்டாம் என்பவர்கள் 1909 நம்பரில் சொல்லிவிடலாம். ஒரு காரியத்துக்காக வாங்கிய நம்பரை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான், 2023ல் நிறைவேறிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் சாரம். பில் போடத்தானே நம்பர் கொடுத்தார்? வாழ்த்து அனுப்பலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

விடியற்காலை நாலு மணிக்கு ஊரே விழித்திருக்கும் என்று நினைத்து போன் போடாதீர்கள். தூங்கும் கைக்குழந்தை இருக்கும் வீடும் உண்டு.

பதில் சொல்வது யார்?

வாடிக்கையாளருக்கும் கொஞ்சம் கடமை உண்டு. கடையிலிருந்து வாழ்த்து வந்தால் "நன்றி" என்று ஒரு வரி போதும். அடுத்த தடவை கடைக்குப் போகும்போது "கார்டு வந்தது சார்" என்று சொன்னால் கடைக்காரருக்கு அன்றைக்கெல்லாம் உற்சாகம். காலண்டர் கொடுத்தால் "போன வருஷம் பெரிசா கொடுத்தீங்களே" என்று அளந்து பார்க்கக் கூடாது.

வந்த வாழ்த்தை அப்படியே இன்னொருவருக்குத் தள்ளிவிடுவதும் அழகில்லை. அடியில் நகைக்கடைப் பெயர் அப்படியே இருக்கும்!

சின்னக் கடையின் முதல்

பெரிய கடைகளில் கம்ப்யூட்டர் வாழ்த்து அனுப்புகிறது. பிறந்தநாளுக்கு அனுப்புகிறது, கல்யாண நாளுக்கு அனுப்புகிறது. வாடிக்கையாளர் இருக்கிறாரா, இல்லையா என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனிடம் போட்டி போட்டு இன்னும் அதிகமாக, இன்னும் வேகமாக வாழ்த்து அனுப்பிச் சின்னக் கடைக்காரர் ஜெயிக்க முடியாது.

அவரிடம் இருப்பது வேறு முதல். ஆளைத் தெரியும். எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் காரியம், யாருக்கு வேலை போயிற்று, யார் மகள் பரீட்சையில் தேறினாள் என்பது தெரியும். பெயர் பார்க்காமல் இருநூறு பேருக்கு ஒரே அமுக்கு அமுக்கினால், அந்த முதலைத் தானே தெருவில் கொட்டுவதற்குச் சமம்.

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. பண்டிகைக்குப் பதினைந்து நாள் முன்னால், கடை சாத்தியதும் ஒரு அரை மணி நேரம் பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி ஒரு பக்கம், கணக்குப்பிள்ளை ஒரு பக்கம் உட்காரட்டும். வீட்டுக்கு வீடு சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் கடைப்பையனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். அவன் சொல்வான்:

"அந்தத் தாத்தா தவறிட்டாரு அண்ணாச்சி. பாட்டி மட்டும்தான் இருக்காங்க."